ஆறு வயதுப் பிள்ளையோடு பால்சம் ஏரியில் தூண்டில் போடலாமா?

நீங்கள் கேட்டதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். ஓகஸ்ட் முதல் திங்கள் விடுமுறையோடு சேர்த்து, கனடாவில் ஒன்ராறியோவின் பால்சம் ஏரி மாகாணப் பூங்காவில் மூன்று இரவு கேம்பிங். நீங்கள், மனைவி, ஆறு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள், பெற்றோர் நீண்ட காலம் வந்து தங்குவதற்கான சுப்பர் விசாவில் ஊரிலிருந்து வந்திருக்கும் 68 வயது அம்மா. யாரும் இதுவரை தூண்டில் பிடித்ததில்லை. என்ன தடி வாங்குவது, குடும்பமாகப் பிடித்தால் லைசென்ஸ் வேண்டாம் என்கிறார்களே அது உண்மையா, பிடித்ததை அங்கேயே பொரித்துச் சாப்பிடலாமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கவலைப்படுவது, பிள்ளைகள் அரை மணி நேரத்தில் அலுத்துப்போய் ஐபாடைக் கேட்காமல், ஒரு மீனையாவது கையில் பிடித்துப் பார்க்கவேண்டும், நடுவில் அதிகாரி வந்து அபராதமும் எழுதக்கூடாது என்பதுதான் என்று நினைக்கிறேன். ஒன்ராறியோவில் பல கோடைகளாக முதல்முறை தூண்டில் பிடிக்கிற குடும்பங்களைக் கரைக்குக் கூட்டிப்போய்ப் பழக்கிவருகிறேன், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. மாகாணம் ஒவ்வொரு வருடமும் வெளியிடும் மீன்பிடி ஒழுங்குவிதிச் சுருக்கம்தான் கடைசி வார்த்தை. மொத்தம் 20 மீன்வள வலயங்கள் இருக்கின்றன, பால்சம் ஏரி 17ஆவது வலயம். புறப்படும் முன் அந்த வலயத்துப் பக்கத்தை மட்டுமாவது ஒருமுறை வாசியுங்கள்.

லைசென்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் இதில்தான் காதுவழிச் செய்தி அதிகம். ‘குடும்பமாகப் பிடித்தால் இலவசம்’ என்பது பாதி உண்மை. வருடத்தில் நான்கு தடவை லைசென்ஸ் இல்லாமல் பிடிக்க விடுகிறார்கள்: பெப்ரவரியில் குடும்ப தின வாரஇறுதி, மேயில் அன்னையர் தின வாரஇறுதி, ஜூனில் தந்தையர் தின வாரஇறுதி, அப்புறம் ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை முதல் வாரம்வரை போகிற குடும்ப மீன்பிடி வாரம். உங்கள் ஓகஸ்ட் பயணம் இதில் எதிலும் வராது. ஆகவே 18 முதல் 64 வயதுவரை உள்ள நீங்கள் இருவரும் தடியைக் கையில் எடுப்பதானால் லைசென்ஸ் வேண்டும். பிள்ளைகளுக்கு வேண்டாம். கனடாவில் வசிக்கும் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் தங்கள் அடையாள அட்டையை வைத்துக்கொண்டே பிடிக்கலாம், அதில் பெயரும் பிறந்த திகதியும் இருக்கவேண்டும். ஒரே ஒரு நாள்தான் பிடிப்பீர்கள் என்றால் ஒருநாள் லைசென்ஸ் போதும், அதற்கு அவுட்டோர்ஸ் கார்ட் என்கிற மாகாண அட்டை தேவையில்லை. இரண்டு மூன்று நாள் பிடிக்க நினைத்தால், அல்லது இந்தக் கோடையில் இன்னொரு தடவையும் போவீர்கள் என்றால், கார்டும் வருட லைசென்ஸும் எடுப்பதுதான் நல்லது. அதில் இரண்டு வகை உண்டு: ஸ்போர்ட், கொன்சர்வேஷன். இரண்டாவது விலை குறைவு, வைத்துக்கொள்ளக்கூடிய மீனின் எண்ணிக்கையும் குறைவு. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அதுவே தாராளம்.

அம்மாவின் விஷயம் வேறு, இதைப் பலர் கவனிப்பதில்லை. 65 தாண்டியவர்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தச் சலுகை கனடாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். சுப்பர் விசாவில் வந்து, நிரந்தர வீடு ஊரிலேயே இருப்பவர் வருகையாளர்தான். அம்மா தூண்டில் பிடிக்க ஆசைப்பட்டால் வெளிநாட்டவருக்கான லைசென்ஸ் எடுங்கள், ஒருநாள் லைசென்ஸ் அவர்களுக்கும் இருக்கிறது. குளத்தங்கரையில் வளர்ந்த அம்மாக்கள் பலர் கரையில் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள், பேரப்பிள்ளையின் கையிலிருந்து தடியை வாங்கிவிடுவார்கள். அதனால் எடுத்துவிடுவது நல்லது.

பிள்ளைகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றால் நாங்கள் இருவரும் எடுக்காமல் அவர்களுக்குக் கூடமாட உதவி மட்டும் செய்தால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். புழு கொளுவிக் கொடுப்பது, மீனைக் கழற்றி விடுவது வரைக்கும் பிரச்சினை வந்ததை நான் கண்டதில்லை. ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு நீங்கள்தான் வீசிக் கொடுப்பீர்கள், பெரியது மாட்டினால் நீங்கள்தான் சுற்றி இழுப்பீர்கள், அந்த நேரத்தில் தடி யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் அதிகாரி பார்ப்பார். எங்கே உதவி முடிகிறது, எங்கே பிடிப்பது தொடங்குகிறது என்பது அவர் முடிவைப் பொறுத்தது. பெற்றோரில் ஒருவராவது லைசென்ஸ் எடுத்திருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம்.

சரி, மீனுக்கு வருவோம். பால்சம் ஏரி என்றதும் கடைக்காரரும் யூடியூப்காரரும் பாஸ், வாலை (walleye), மஸ்கி என்று பெரிய மீன்களைப் பற்றித்தான் பேசுவார்கள். மூன்றும் அங்கே இருக்கின்றன. ஆனால் உங்கள் பிள்ளைகளுக்கான மீன் சன்ஃபிஷ். பெரியவரின் உள்ளங்கை அகலத்துக்கு மேல் அபூர்வமாகத்தான் வளரும், கரையிலிருந்தே கிடைக்கும், நடுப்பகலிலும் கடிக்கும், கூட்டமாக நிற்கும், ஒன்றைப் பிடித்தபின் மற்றவை ஓடிவிடாது. பெரிய மீனுக்காக இரண்டு மணி நேரம் காத்திருப்பது பெரியவர்களின் சந்தோஷம். பிள்ளைக்கு வேண்டியது கடி. பத்து நிமிடத்துக்கு ஒருதடவை மிதவை அசைந்தால் அவன் இடத்தைவிட்டு எழும்ப மாட்டான். முதல் பயணம் நன்றாக அமைந்த குடும்பங்களையும் தடியை நிலவறையில் போட்டு மறந்துவிட்ட குடும்பங்களையும் யோசித்துப் பார்த்தால், எனக்குத் தெரிந்த வித்தியாசம் இது ஒன்றுதான்: முதல் குழு சின்ன மீனைத் தேடிப் போனது.

அவற்றில் அழகானது பம்ப்கின்சீட் என்கிற வகை. வயிறு மஞ்சளும் செம்மஞ்சளுமாக இருக்கும், கன்னத்தில் நீல நிறத்தில் அலை அலையாகக் கோடுகள், செவுளின் நுனியில் கறுப்பு மடல், அந்த மடலின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. அந்தப் பொட்டைப் பிள்ளைகளிடம் காட்டிவிடுங்கள், அடுத்த மீனிலிருந்து அவர்களே தேடிப் பார்ப்பார்கள். கூடவே ரொக் பாஸ் மாட்டும், அதற்குக் கண் சிவப்பு. மஞ்சள் பேர்ச் மாட்டினால் உடம்பில் மேலிருந்து கீழாகக் கரும்பட்டைகள் தெரியும்.

சாமானுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். பத்து வயதுக்காரருக்கு ஐந்தடி, ஐந்தரையடித் தடி, சின்னவருக்கு அதைவிடக் கட்டை. ரீல் மூடியோடு, பின்னால் ஒற்றைப் பொத்தான் வைத்தது வாங்குங்கள், பொத்தானை அழுத்தி வீசி விட்டால் சரி. மூடியில்லாத ரீலில் தங்கூசி (தூண்டில் நூல்) சிக்கெடுத்தே உங்கள் காலைநேரம் போய்விடும். தங்கூசி ஆறு இறாத்தல் பாரம் தாங்குவது. தூண்டில் முள் 8 அல்லது 10ஆம் இலக்கம், காம்பு நீளமானதாக, ஏனென்றால் சன்ஃபிஷின் வாய் மிகச் சின்னது, காம்பு நீளமாக இருந்தால்தான் விரலால் பிடித்துக் கழற்றலாம். கடையில் ‘குடும்பப் பொதி’ என்று விற்பதில் வரும் முள் பெரும்பாலும் பெரிதாக இருக்கும், மீன் புழுவை மட்டும் உருவிக்கொண்டு போகும். வாங்கியவுடன் குறட்டால் முள்ளின் எதிர்ப்பல்லை நசுக்கி விடுங்கள். மீனுக்கும் காயம் குறைவு, பிள்ளையின் விரலிலோ காதிலோ குத்தினாலும் சுலபமாக வெளியே வரும். சின்ன மிதவை, அதற்குக் கீழே சின்னக் குண்டு ஒன்றோ இரண்டோ. ஈயக்குண்டு வேண்டாம், தகரம் அல்லது டங்ஸ்டன் கேளுங்கள். அறுந்து விழுகிற ஈயக்குண்டை லூன் பறவை கூழாங்கல் என்று விழுங்கி நஞ்சேறிச் செத்துப்போகிறது. டொலர் நாணயத்தில் இருக்கிற அதே பறவை, காலையில் டென்டுக்குள் படுத்திருக்கும்போது அதன் குரல் உங்களுக்குக் கேட்கும். தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டு 1997இலிருந்தே தடை. பால்சம் மாகாணப் பூங்கா என்பதால் அந்தத் தடை அங்கே இல்லை, இருந்தாலும் வேண்டாம்.

வாங்குவதற்கு முன் இன்னொன்று. ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்கள் பலவற்றில் தூண்டில் தடியும் பெட்டியும் இலவசமாக இரவல் கொடுக்கிறார்கள், டெக்கிள்ஷெயர் என்று பெயர். சில பூங்காக்களில் ‘மீன்பிடிக்கப் பழகுவோம்’ வகுப்பும் கோடையில் நடக்கும். எந்தப் பூங்காவில் எந்த நாள் என்பது வருடத்துக்கு வருடம் மாறும், ஆகவே போகும் முன் பூங்கா அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி. நீண்ட வாரஇறுதி என்பதால் போன உடனேயே கேட்டுவிடுங்கள், இருக்கிற தடிகள் வெள்ளி மாலையே போய்விடலாம்.

இடம் தேடும்போது பிள்ளைகள் குளிக்கிற மணற்கரையை விடுங்கள், மிதவை கட்டி ஒதுக்கிய நீச்சல் பகுதிக்குள் தூண்டில் போடக்கூடாது, வெறும் மணலில் மீனும் நிற்காது. சன்ஃபிஷுக்கு நிழலும் களையும் வேண்டும். நீர்த்தாவரம் தொடங்குகிற விளிம்பு, தண்ணீருக்குள் சாய்ந்து கிடக்கிற மரம், கற்பாறைக் கரை, படகுத் துறையின் நிழல், இவற்றில் எதுவானாலும் சரி. படகு இறக்குகிற துறையில் காலையும் மாலையும் நெரிசல், நடுப்பகலில் பரவாயில்லை. துருவமூட்டிய (polarized) கறுப்புக் கண்ணாடி ஒன்று போட்டுப் பார்த்தால் நாலைந்து அடி ஆழத்தில் அவை நிற்பது அப்படியே தெரியும், அந்தக் கண்ணாடியைப் பிள்ளைக்கும் கொடுங்கள். தண்ணீருக்குள் இறங்குவதானால் காலில் ஏதாவது போட்டுக்கொண்டு இறங்கவேண்டும். பால்சமும் சேர்ந்த கவார்த்தா ஏரிகளில் வரிச்சிப்பி பரவியிருக்கிறது, கல்லில் ஒட்டியிருக்கும் அதன் ஓடு கண்ணாடித்துண்டு போல வெட்டும்.

இரைக்கு மண்புழு போதும். உயிருள்ள சின்ன மீனை இரையாக வைப்பதற்கு 2022 முதல் கொண்டுபோகக்கூடிய எல்லைகள், வாங்கிய ரசீது என்று விதிகள் வந்துவிட்டன, அல்கொன்குயின் பூங்காவில் அதை வைத்திருப்பதே குற்றம். முதல் பயணத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள். புழுவை முழுசாகக் கொளுவவும் வேண்டாம். அரை அங்குலத் துண்டு, முள்ளை மூடும் அளவுக்கு மட்டும், வால் அதிகம் தொங்கக்கூடாது. மிதவைக்குக் கீழே இரண்டு மூன்று அடி விட்டு, களையின் விளிம்பில் போட்டுவிட்டுப் பாருங்கள். மிதவை முதலில் இருந்த இடத்திலேயே நடுங்கும், சுற்றிச் சின்ன வளையங்கள் வரும். அது மீன் புழுவைக் கொறித்துப் பார்க்கிற நேரம், அப்போது இழுத்தால் வெறும் முள்தான் வரும். பிறகு மிதவை ஒரு பக்கமாகச் சரிந்து நகரத் தொடங்கும், அல்லது ஒரே முழுக்கு. அப்போது தடியின் நுனியை மெல்ல உயர்த்தினாலே போதும். ஆறு வயதுப் பிள்ளை தலைக்கு மேலே வீசி இழுத்து மீனைப் பின்னால் மரத்தில் மாட்டும், அதனால் ‘உயர்த்து, சுற்று’ என்ற இரண்டு சொல்லை மட்டும் சொல்லிக் கொடுங்கள். ஐந்து நிமிடம் கடி இல்லையென்றால் பத்தடி தள்ளிப் போடுங்கள். இடத்தை மாற்றுவதைத்தான் நான் சொல்கிறேன், இரையை அல்ல.

மீனைத் தொடுவதற்கு முன் கையைத் தண்ணீரில் நனைக்கவேண்டும். காய்ந்த கையாலோ துணியாலோ பிடித்தால் உடம்பின் வழுவழுப்பு உரிந்துவிடும், அதுதான் அதற்கு நோய்க்கிருமியிலிருந்து காப்பு. சன்ஃபிஷின் முதுகுச் செட்டையில் கூரான முட்கள் உண்டு. தலைப்பக்கமிருந்து வாலை நோக்கிக் கையை வழித்துக்கொண்டு போனால் செட்டை மடங்கிவிடும், பிறகு பிடித்தால் குத்தாது. இதை ஒருமுறை செய்து காட்டினால் பத்து வயதுப் பிள்ளை தானாகவே செய்யும், ஆறு வயது உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு செய்யும். இரவில் புழு போட்டால் புல்ஹெட் என்கிற கெளுத்தி மாட்டலாம், நம்மூர்க் கெளுத்தி போலவே பக்கச் செட்டையில் முள், அந்த மீனை நீங்களே கழற்றுங்கள். எந்த மீனும் தூண்டில் முள்ளை ஆழமாக விழுங்கியிருந்தால் கிண்டி எடுக்க வேண்டாம், தங்கூசியை வாயருகே வெட்டி விட்டுவிடுங்கள்.

ஓகஸ்டில் பாஸ் பருவம் திறந்திருக்கும், எனவே தற்செயலாக மாட்டினாலும் வைத்துக்கொள்ளலாம், கொன்சர்வேஷன் லைசென்ஸில் இரண்டு, ஸ்போர்ட்டில் ஆறு. கோடை தொடங்கும் முன் மூடிவைப்பதன் காரணம் பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதை. ஆண் மீன்தான் கரையோரம் மணலில் வட்டமாகக் கூடு துப்பரவு செய்து முட்டையைக் காவல் காக்கும். அதைப் பிடித்து உடனே விட்டாலும், அது திரும்புகிற இடைவெளியில் சுற்றி நிற்கிற சின்ன மீன்கள் முட்டையைத் தின்று தீர்த்துவிடும். மஸ்கி மாட்டுவது அபூர்வம், ஆனால் கொன்சர்வேஷன் லைசென்ஸில் அதை வைத்துக்கொள்ள அனுமதியே இல்லை, தண்ணீரில் வைத்தபடியே விடவேண்டும். வாலை மீன் பெரும்பாலும் சாயங்காலத்துக்குப் பிறகு பிடிக்கிறது, அதற்கு அளவுக் கட்டுப்பாடும் உண்டு, கரையிலிருந்து பிள்ளைகளோடு முயல்வதில் பயனில்லை. மீன் கிடைக்குமா என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. காற்றும் வெயிலும் முந்தின நாள் இடியும் எல்லாம் மாற்றும். ஆனால் ஓகஸ்ட் மாதத்துக் களை விளிம்பில், சின்ன முள்ளில் புழுத்துண்டோடு, சன்ஃபிஷ் ஒன்றும் கிடைக்காமல் திரும்பிய குடும்பத்தை நினைத்துப் பார்க்க எனக்குச் சிரமமாக இருக்கிறது.

பொரிக்கலாமா என்றால், தாராளமாக. ஆறு அங்குலத்துக்குக் குறைந்ததில் சதை இல்லை, விட்டுவிடுங்கள். அதற்கு மேலே உள்ளதைச் செதில் வழித்து, குடல் எடுத்து, இரண்டு பக்கமும் கீறி, மஞ்சள், மிளகாய்த்தூள், உப்புப் பிரட்டி முழுசாகப் பொரித்தால் நன்றாக இருக்கும். முள் இருக்கிறது, சின்னவருக்கு நீங்கள் பிரித்துக் கொடுக்கவேண்டும். பாதரசம் பற்றிக் கவலைப்படுவோருக்கு, மாகாணம் ‘ஒன்ராறியோ மீன் உண்ணும் வழிகாட்டி’ என்று இணையத்தில் வைத்திருக்கிறது. எந்த ஏரியில் எந்த மீன் எந்த நீளத்தில் மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் என்று, 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பமாகக்கூடிய வயதுப் பெண்களுக்கும் தனியாகவும் போட்டிருக்கிறார்கள். பொதுவாக, மற்ற மீனைத் தின்று வளர்ந்த பெரிய, வயதான மீனில்தான் பாதரசம் சேரும், சின்ன சன்ஃபிஷும் பேர்ச்சும் அந்த வரிசையில் அடியில் இருப்பவை. சாப்பிடுவதற்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடத்தக்க மீனை வீணாக்குவது இங்கே சட்டப்படி குற்றம். வீட்டுக்குக் கொண்டுபோவதானால் தோலை முழுக்க உரிக்காதீர்கள். என்ன மீன், எத்தனை என்று வழியில் அதிகாரி பார்த்தால் தெரியவேண்டும்.

குடலையும் செதிலையும் ஏரிக்குள் எறியவோ டென்டுக்குப் பின்னால் புதைக்கவோ கூடாது. மீன் துப்பரவு செய்யும் கொட்டகை எங்கே என்று வாசலில் கேளுங்கள், இல்லையென்றால் இரண்டு பைக்குள் கட்டிப் பூங்காவின் பொதுக் குப்பைத் தொட்டியில் அன்றைக்கே போடுங்கள். ரக்கூன் நிச்சயம் வரும், கறுப்புக் கரடி வரலாம். பொரித்த சட்டியை அன்றிரவே கழுவி, எண்ணெய்ப் போத்தலோடு காருக்குள் வைத்துப் பூட்டுங்கள், மீன் கழுவிய உடுப்போடு டென்டுக்குள் படுக்கவும் வேண்டாம். மிஞ்சிய புழுவைப் பிள்ளைகள் ‘பாவம்’ என்று காட்டுக்குள் விடப் பார்ப்பார்கள். விடாதீர்கள். இங்கே தூண்டிலுக்கு விற்கிற மண்புழு ஐரோப்பாவிலிருந்து வந்தது, காட்டுத் தரையின் இலைச்சருகுப் படையைத் தின்றே அழிக்கும். நீர்நிலையிலிருந்து 30 மீட்டருக்குள் இரையைக் கொட்டுவதும் தடை. மண்ணோடு சேர்த்துக் குப்பையில் போடுங்கள்.

படகோ கனூவோ வாடகைக்கு எடுத்தால் ஒவ்வொருவருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் படகில் இருக்கவேண்டும் என்பது சட்டம். நான் சொல்வது, பிள்ளைகளும் அம்மாவும் அதைப் போட்டே இருக்கவேண்டும், துறையில் நின்று பிடிக்கும்போது ஆறு வயதுக்காரரும்தான். மிதவையைப் பார்க்கிற பிள்ளை காலைப் பார்க்காது.

ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம், காலையில் ஒன்று, சாப்பாட்டுக்கு முன் ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள், கடி நன்றாக இருக்கும்போதே எழும்பி வந்தால் அடுத்த தடவை அவர்களே கேட்பார்கள். இடையில் மழை வந்தால், அல்லது அம்மாவுக்கு வேறு ஏதாவது காட்ட நினைத்தால், அதிக தூரமில்லாத கேர்க்ஃபீல்ட் லிஃப்ட் லொக்குக்குப் போங்கள். 1907இல் திறந்தது. படகை நீரோடு சேர்த்துத் தொட்டியிலேயே 15 மீட்டர் தூக்கி இறக்கும், ஒரு தொட்டி இறங்கும் பாரத்தில் மற்றது ஏறும். ட்ரென்ட்-செவர்ன் என்கிற படகு நீர்வழியின் ஆக உயரமான பகுதி பால்சம் ஏரிதான், அங்கிருந்து இரண்டு பக்கமும் இறக்கம் என்பதால்தான் இப்படியொரு இயந்திரம் அங்கே. அதன் அடியில் பெரிய மீன்கள் நிற்பது தெரியும், பத்து வயதுக்காரர் தடியைக் கேட்பார். லொக்கிலிருந்தும் படகு கட்டும் துறையிலிருந்தும் 10 மீட்டருக்குள் தூண்டில் போடத் தடை, ஆகவே தடிகளைக் காம்ப் தளத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள்.